சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஒரு வீடு

திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கிப் பையைக்கூடச் சரியாகத் தோளில் மாட்டவில்லை. அதற்குள் ஓர் ஆட்டோக்காரர் என் இருபத்தைந்து வருடத் தொழிலைக் கவிழ்த்துவிட்டார்.

“எங்க போணும்?”

“பாளையங்கோட்டை. ஒரு கூட்டத்தில பேச வந்திருக்கேன்.”

“கட்சிக் கூட்டமா?”

“இல்லைங்க. நான் ஆர்க்கிடெக்ட்.”

“ஓ, இஞ்சினியரா! வீட்டுக்கு பிளான் போடுதவங்க.”

“இஞ்சினியர் வேற, ஆர்க்கிடெக்ட் வேறங்க.”

“அப்ப நீங்க என்னதான் செய்யுதிய?”

விளக்க ஆரம்பித்தேன். வெளிச்சம் எப்படி உள்ளே வர வேண்டும், காற்று எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேற வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். ஆற்றுப் பாலம் வந்தது. கீழே தாமிரபரணி பாறைகளைச் சுற்றிக்கொண்டு ஓடியது. பேச்சு மும்முரத்தில் அதைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “எப்படிப் பாத்தாலும் கடைசியில கொத்தனாருதான கட்டணும்?”

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. ஏனென்றால் அன்று மாலை நான் பேசவிருந்த தலைப்பே அதுதான்: கட்டடக் கலைஞர்கள் தங்கள் மதிப்பை மக்களுக்கு எப்படி எடுத்துச் சொல்வது. சென்னையில் யாரும் இப்படி முகத்துக்கு நேரே கேட்பதில்லை. அங்கே யாருக்கும் கேட்க நேரமில்லை, அவ்வளவுதான். அதைத்தான் இத்தனை நாளும் மதிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

பாளையங்கோட்டையில் என்னை வரவழைத்தவள் எப்சிபா. கல்லூரியில் ஒரே விடுதி அறையில் இருந்தோம். படிப்பு முடிந்ததும் நான் சென்னையிலேயே ஒட்டிக்கொண்டேன். அவள் நாலைந்து ஊர்களில் வேலை பார்த்துவிட்டு, அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று ஊர் திரும்பி, வீட்டு முன்னறையிலேயே அலுவலகம் போட்டாள். வாசலில் அவள் பெயர்ப் பலகை. அதன் மேல் ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது.

“ஏட்டி மாலதி, மெலிஞ்சு போயிட்டியே!” என்றாள். நான் ஒரு சுற்றுப் பெருத்திருந்தேன். எப்சிக்குப் பொய் சொல்வதில் எப்போதுமே தாராள மனசு.

மதியச் சாப்பாடு உளுந்தஞ்சோறு. கறுப்பு உளுந்தைத் தோலோடு போட்டு, பூண்டும் வெந்தயமும் தேங்காய்த் துருவலும் சேர்த்துப் பொங்கியது. தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல், மேலே கோழிக் குழம்பு. சென்னையில் உளுந்து என்றால் அரைத்து மாவாக்கத்தான் தெரியும் எங்களுக்கு. மூன்றாம் தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கூட்டமாவது ஒன்றாவது என்று பாயைத் தேடினேன். அல்வாவைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அது இல்லாமலே இந்த ஊருக்குச் சோறு இருக்கிறது.

கூட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மின்விசிறி சத்தத்தோடு போட்டி போட்டுக்கொண்டு, படம் படமாகக் காட்டி, நன்றாகத்தான் பேசினேன். எதிரே உட்கார்ந்து தலையாட்டிய அத்தனை பேரும் ஆர்க்கிடெக்ட்கள். மக்கள் என்று பார்த்தால் டீ கொண்டுவந்தவர் ஒருவர்தான். அவரும் பாதியில் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

திரும்பி நடந்து வரும்போது எப்சி விஷயத்தைச் சொன்னாள். “இங்கன எங்கிட்ட வாரவங்க எல்லாரும் எலிவேஷன் மட்டும்தான் கேக்காங்க. உள்ள பிளானை மேஸ்திரி போட்டிருவாரு. முன்பக்கம் ஜோரா ஒரு படம் போட்டுத் தாங்கம்மா, அவ்வளவுதான். ஒரு முழு வீடு, முதல்ல இருந்து கடைசி வரைக்கும், என்னை நம்பிக் கட்டினவங்க ஒருத்தரும் கிடையாது.”

“ஒண்ணுகூடவா?”

“ஒண்ணு இருக்கு. நாளைக்குப் பாப்போம். பெங்களூர்ல ஒரு கம்பெனி கூப்பிடுது. இந்த வீடும் கையை விட்டுப் போச்சுன்னா பலகையைக் கழட்டிட்டுப் போயிருவேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். விடுதிக் காலத்தில் அழுகை வரும்போதும் அப்படித்தான் சிரிப்பாள்.

மறுநாள் பாபநாசம் பஸ். சேரன்மகாதேவிக்குச் சற்று முன்னால் ஒரு டயர் பட்டென்று போனது. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு, “பைய இறங்குங்க, அவசரமில்ல” என்றார். யாருக்கும் அவசரமில்லைதான். சென்னையாக இருந்தால் இந்நேரம் பாதிப் பேர் கண்டக்டரோடு சண்டை, மீதிப் பேர் அதைப் படம் பிடித்துக்கொண்டிருப்பார்கள். இங்கே ஆளுக்கொரு மரத்தடியைப் பிடித்துக்கொண்டார்கள். சாலைக்கு இரண்டு பக்கமும் வாழை. ஆனி மாதக் காற்று மேற்கேயிருந்து ஆளைத் தள்ளியது.

பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் எங்களை மேலும் கீழும் பார்த்தார். “எங்க போறிய?”

“ஒரு வீடு கட்டப் போறாங்க, அதைப் பாக்கப் போறோம்” என்றாள் எப்சி.

“எங்க வீட்டுக்கு என் மருமவன்தான் பிளான் போட்டான். போன்ல பாத்தே போட்டுட்டான்.”

“வீடு எப்படி இருக்கு?” என்றேன்.

“வீடு ஜம்முனு இருக்கு. உள்ளதான் இருக்க முடியல. மத்தியானமானா எல்லாரும் வெளிய பூவரச மரத்தடிக்கு வந்திருவோம்.”

இதைத்தானே நேற்று மாலை நான் முக்கால் மணி நேரம் பேசினேன் என்று எனக்கு வாய் துறுதுறுத்தது. எப்சி என் கையைக் கிள்ளினாள்.

கல்லிடைக்குறிச்சியில் இறங்கி, மணிமுத்தாறு சாலையில் ஷேர் ஆட்டோவில் கொஞ்ச தூரம். ஒரு சின்னத் தெருவின் கடைசியில் அந்த மனை. பின்பக்க ஓரத்தில் ஒரு வேப்பமரம். அதற்கப்பால் வயல், வயலுக்கு அப்பால் மேற்கே முழுசாக மலை.

வீடு கட்டப்போகிறவர்கள் ராஜாமணி அக்காவும் அவர் கணவர் தங்கராசு அண்ணாச்சியும். இருவரும் அந்த மலைமேல் மாஞ்சோலை எஸ்டேட்டில் தேயிலை பறித்தவர்கள். ராஜாமணி அக்கா பிறந்ததே அங்கே, தொழிலாளர்களுக்கு ஒற்றை ஒற்றை அறையாக வரிசையில் கட்டிவிட்ட லைன் வீட்டில்தான். எஸ்டேட்டை மூடி எல்லாரும் இறங்க வேண்டி வந்தபோது இவர்களும் இறங்கி, இப்போது இதே தெருவில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறார்கள். மகள் பாளையங்கோட்டையில் நர்ஸ். எப்சியின் அம்மாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்டவள் அந்தப் பெண்தான். அப்பா அம்மாவுக்கு வீடு கட்ட வேண்டும் என்று அவள் சொன்னபோது, நான் போட்டுத் தருகிறேன் என்று எப்சி வலியப் போய் எடுத்துக்கொண்ட வேலை இது. கட்டப்போகிறவர் ராஜாமணி அக்காவின் தம்பி முருகேசன், கான்கிரீட் போடப் பலகை அடிக்கும் செண்ட்ரிங் வேலைக்காரர். அக்கா என்றால் உயிர்.

நாங்கள் போனபோது முருகேசன் கயிறு கட்டி, எப்சியின் வரைபடத்தின்படி தரையில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு முடித்திருந்தார். மறுநாள் மாலை ஜேசிபி வந்து நிற்கும். அதற்கடுத்த நாள் காலையில் வானம் தோண்ட வேண்டும். அஸ்திவாரக் குழியைத்தான் இந்தப் பக்கம் அப்படிச் சொல்கிறார்கள். கோட்டைச் சுற்றித் தெருவே நின்றது. எல்லார் முகமும் வாடியிருந்தது.

“இவ்வளவுதானா?” என்றார் யாரோ.

“இதென்ன கோழிக்கூடா?” என்றார் இன்னொருவர்.

முருகேசன் எப்சியிடம் வந்தார். குரலில் கோபமில்லை, வருத்தம்தான். “இஞ்சினியரம்மா, தப்பா எடுத்துக்காதிய. எங்கக்கா இம்புட்டு வருஷமும் லைன் வீட்டுல கிடந்தா. பெருசா ஒரு வீடு கட்டிக் குடுக்கணும்னு நினைச்சேன். இது கையகலம் இருக்கு. பின்னால இம்புட்டு இடத்தைச் சும்மா விட்டிருக்கிய. அந்த வேம்பை வெட்டிட்டு, காம்பவுண்டை ஒட்டிச் சுவரை எழுப்பிருதேன். எங்கிட்டயே ஒரு பிளான் இருக்கு.”

தங்கராசு அண்ணாச்சி கோட்டுக்கு வெளியே நின்றபடி மெதுவாகக் கேட்டார்: “மறுபடியும் லைன் வீடாம்மா?”

எப்சி குனிந்து கோட்டையே பார்த்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தொழில் தெரிந்த யாருக்கும் இது தெரியும். திறந்த வெளியில் போட்ட கோடு எப்போதும் சின்னதாகத்தான் தெரியும், சுவர் எழும்பினால்தான் அறை பெரிதாகும். இதைச் சொல்லத்தானே நான் இருக்கிறேன்! பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துத் திறந்தேன். வெயிலில் திரையில் ஒன்றும் தெரியவில்லை. குனிந்து பார்த்தவர்களுக்கு அவரவர் முகம் தெரிந்தது. ஓர் அம்மாள் அதைப் பார்த்துத் தலைமுடியைச் சரி செய்துகொண்டார். நானும் விடவில்லை. காற்றோட்டம், மேற்கு வெயில், வெப்பம் தங்கும் சுவர் என்று மூச்சுவிடாமல் பேசினேன். பேசி முடித்ததும் முருகேசன் பணிவாகக் கேட்டார்:

“எல்லாம் சரி மேடம். இதுல எங்கக்கா எங்கன படுப்பா?”

நான் வரைபடத்தைக் காட்டினேன். அவர் தரையைப் பார்த்தார். தரையில் வெறும் மண்ணும் வெள்ளைக் கோடும்தான் இருந்தன. நான் லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தேன்.

அப்போதுதான் எப்சி வாயைத் திறந்தாள். “நாளைக்குக் காலையில அக்கா படுக்கிற கட்டிலை இங்கன தூக்கிட்டு வாங்க. பீரோ, அடுப்பு, தண்ணிக் குடம், எல்லாத்தையும். முருகேசண்ணே, உங்க செண்ட்ரிங் பலகை எத்தனை இருக்கோ அத்தனையும் வேணும். நாளைக்கு ஒருநாள் இந்தக் கோட்டுக்குள்ள குடியிருந்து பாருங்க. அப்புறமும் வேண்டாம்னா உங்க பிளான்படி தோண்டுங்க. நான் போயிருதேன்.”

“இது நல்ல கூத்தா இருக்கே!” என்றார் முருகேசன். ஆனால் சரி என்றார்.

மறுநாள் காலை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பீரோ தெருவில் நடந்து வந்துகொண்டிருந்தது. அதாவது இரண்டு பேர் சுமந்துவர, அவர்களின் கால்கள் மட்டும் தெரிந்தன. சைக்கிளில் போன ஒருவர் நிறுத்தி, “வீடு மாறுதியளா? சுவரு எங்க வே?” என்று கேட்டார். “பொறவு வரும்” என்றார் தங்கராசு அண்ணாச்சி.

எப்சி ஒரே ஒரு சட்டம் போட்டாள். கோட்டில் இடைவெளி விட்டிருக்கும் இடம்தான் வாசல், வேறு எங்கேயும் தாண்டக் கூடாது. கட்டில் உள்ளே வந்தது. அதைச் சுற்றி நடக்க இடமிருந்தது. பீரோ வந்த பிறகும் இருந்தது. பிறகு முருகேசனின் ஆட்கள் பலகைகளைக் கோட்டின் மேல் நிறுத்தி முட்டுக் கொடுத்தார்கள். பலகை நின்றதும் அறை விரிந்தது. எனக்குத் தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் கண்ணால் பார்த்தபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. முருகேசன் அவசரத்தில் பலகை இல்லாத ஒரு கோட்டைத் தாண்டிவிட்டார். தெருவே கத்தியது: “சுவத்துல முட்டிட்டாரு! முட்டிட்டாரு!” அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வாசல் வழியாகச் சுற்றி வந்தார்.

“ஏ, சின்ன வீடில்ல போலுக்கே” என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

அடுத்தது சமையல். பின்பக்கம், மலையைப் பார்த்த ஜன்னலோடு எப்சி அடுப்படியை வைத்திருந்தாள். ஜன்னலுக்குப் பலகைகளுக்கு நடுவே ஓர் இடைவெளி. அதன் வழியாக வேப்பங்கிளைக்குக் கீழே மலை சட்டம் போட்ட படம்போல் நின்றது. வரைபடத்திலேயே அவளுக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான் என்று பஸ்ஸில் சொல்லியிருந்தாள். நானும் பார்த்து அசந்துபோனேன்.

காற்று அடுப்பை அணைத்துக்கொண்டே இருந்ததால் முருகேசனே ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு சுவராக நின்றார். மேடைக்குப் பதிலாகப் பலகைகளை அடுக்கி அதன் மேல் வைத்த அடுப்பில் ராஜாமணி அக்கா கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்தார். நறுக்கினார், வதக்கினார். ஒரு பக்கமாகத் திரும்பி, அடுப்புக்கு முதுகைப் பாதி காட்டிக்கொண்டு, கையை மட்டும் பின்னால் நீட்டிக் கிளறினார். சூடு பட்டுக்கொள்ளப் போகிறாரே என்று எனக்குப் பயம். எப்சி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, ஏன் அங்கிட்டுத் திரும்பி நிக்கிய?”

“ஒண்ணுமில்லம்மா.”

“சொல்லுங்கக்கா. மேடை உயரமா இருக்கா?”

“அதெல்லாம் இல்ல.” கரண்டியை வைத்தார். “நேரா நின்னா மலை தெரியுது.”

“உங்களுக்காகத்தான் அங்கன ஜன்னல் வச்சேன்” என்றாள் எப்சி, முகமெல்லாம் சிரிப்பாக.

“எனக்கு வேண்டாம்மா.”

முருகேசன் பலகையைப் பிடித்தபடியே நின்றார்.

“இறங்கி வந்த அன்னைக்கு பஸ்ஸுல எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாத்தாவ. நான் பாக்கல. பாத்தா வர முடியாதுன்னு குனிஞ்சே உக்காந்திருந்தேன். தினமும் சோறு பொங்கையில அதைப் பாத்துக்கிட்டு நிக்கச் சொல்லுதியளா?” அக்காவின் குரல் உயரவில்லை. “நீங்க ஆசையா போட்டிருக்கிய. சொன்னா சங்கடப்படுவியன்னுதான் சொல்லல.”

எப்சியின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. மலையிலிருந்து வந்தவர்களுக்கு மலையைக் கொடுப்பதுதான் பெரிய பரிசு என்று அவள் நினைத்திருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நாங்கள் இரண்டு படித்த மடச்சிகள், ஒருத்திக்குக்கூட அவரைக் கேட்கத் தோன்றவில்லை. இதோடு முடிந்தது, பெங்களூர்தான் என்று நான் மனதுக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

எப்சி குனிந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, அடுப்படிக் கோட்டைக் காலால் தேய்த்து அழித்தாள். நிமிர்ந்து கேட்டாள்: “அப்ப எதைப் பாத்து நிக்கணும், அக்கா?”

ராஜாமணி அக்காவுக்குப் புரியவில்லை. “மாத்தலாமா?”

“மாத்துததுக்குத்தான நான் இருக்கேன்.”

“கோடு போட்டாச்சே.”

“சுண்ணாம்புதான. சொல்லுங்க.”

அவர் சுற்றிப் பார்த்தார். வெட்கப்பட்டுக்கொண்டே கை நீட்டினார். “தெருவை. லைன் வீட்டுல அடுப்புக்கிட்ட நின்னா போறவ வாரவ எல்லாரும் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போவா. என்ன குழம்புன்னு கேப்பா. அது போதும் எனக்கு.”

எப்சி சுண்ணாம்புச் சட்டியை எடுத்து, அடுப்படியை முன்பக்கம் தெருவோரத்துக்குக் கொண்டுபோனாள். அங்கேயிருந்த படுக்கையறை பின்னால் போக வேண்டும். அப்போது தங்கராசு அண்ணாச்சி தொண்டையைக் கனைத்தார்.

“எனக்கு மலை வேணும்.”

“நீங்க பாருங்களேன், நான் வேண்டாம்னா சொன்னேன்?” என்றார் ராஜாமணி அக்கா வெடுக்கென்று.

“அந்த வேம்புக்குக் கீழ ஒரு நாற்காலி போட்டுக்கிடுவேன். சாயங்காலம் அங்கன உக்காந்தா போதும்.” பிறகு மைத்துனரைப் பார்த்து, “மரத்துல கை வச்சே, பாத்துக்கோ” என்றார்.

முருகேசன் இவ்வளவு நேரமும் பிடித்துக்கொண்டிருந்த பலகையைக் கீழே வைத்தார். கயிற்றை எடுத்துக்கொண்டு எப்சியிடம் வந்து, “இஞ்சினியரம்மா, அந்த மூலையைப் பிடிங்க” என்றார். இரண்டு பேருமாகப் புதிய கோடு போட்டார்கள். பழைய அடுப்படி இருந்த இடத்தில் கட்டில் வந்து விழுந்தது. அடுப்பு தெருப் பக்கம் போனது, பாதி கொதித்த குழம்போடு.

எல்லாரும் அந்தச் சுவரில்லாத வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டோம். குழம்பில் கொஞ்சம் சுண்ணாம்பு விழுந்திருக்கலாம். அப்படி ஒரு கத்தரிக்காய் நான் சென்னையில் தின்றதில்லை. நடு மதியத்தில் வேப்பமர நிழல் பின்பக்கத்தை மெல்ல மூட ஆரம்பித்தது. காற்று பின்வாசலில் நுழைந்து தெருவாசலில் வெளியேறியது. அதை யாருக்கும் நான் விளக்கவில்லை. முருகேசன் கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடிவிட்டார்.

மாலையில் ஜேசிபி வந்து தெருமுனையில் நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து, பலகையும் பீரோவுமாக நின்ற மனையைப் பார்த்துத் திகைத்து, கையெல்லாம் வெள்ளையாக நின்ற எப்சியைக் காட்டிக் கேட்டார்: “இவங்க யாரு, இஞ்சினியரா?”

புது அடுப்படியில் தெருவைப் பார்த்து நின்றிருந்த ராஜாமணி அக்காதான் பதில் சொன்னார். “இஞ்சினியரில்ல. இவங்ககிட்ட வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லலாம். அழிச்சுட்டு வேற கோடு போடுவாங்க. அதுக்கு என்னமோ ஒரு பேரு இருக்கு, எனக்கு வாயில வரமாட்டேங்குது.”

நான் எப்சியைப் பார்த்தேன். அழுதுவிட்டாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். மூன்று பேர் சீட்டில் ஓர் அம்மாள் எங்களுக்கு ஒதுங்கி இடம் கொடுத்தார். வீரவநல்லூர் தாண்டியதும் பெங்களூரிலிருந்து போன் வந்தது. “இல்ல சார், வரலை. இங்க வேலை இருக்கு” என்று சொல்லி எப்சி வைத்துவிட்டாள். அவள் கையிலிருந்த சுண்ணாம்பு போனிலும் ஒட்டியிருந்தது.

பக்கத்து அம்மாள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “வெள்ளையடிக்கப் போயிருந்தியளா?”

“இல்லம்மா. வீட்டு வேலை.”

“அப்படின்னா நீங்க என்ன செய்யுதிய?”

நான் வாயைத் திறந்தேன். காற்று, வெளிச்சம், எல்லாம் வரிசையாக நாக்கு நுனியில் வந்து நின்றன. எப்சி என்னை முந்திக்கொண்டாள்.

“அம்மா, நீங்க சமைக்கையில எதைப் பாத்து நிப்பிய?”

அந்த அம்மாள் இதுவரை யாரும் கேட்காததைக் கேட்டதுபோல் அவளைப் பார்த்தார்.

“எதைப் பாக்க? சுவத்தைத்தான்.”

எப்சி அவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள். “எத்தனை வருஷமா?” என்றாள்.